மகளை அழைக்க வந்தவள்

மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பியபோது மகளுக்கு ஒன்றரை வயது. குழந்தை பிறக்கும் முன்பே கணவன் பிரிந்து போய்விட்டான். அக்காதான் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீ படிச்சிட்டு வாடி. இவளை நான் பாத்துக்கறேன்" என்றாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அத்தான் வீட்டை அடமானம் வைத்து முதல் பணம் கட்டினார்.

அந்த நாட்டு மாணவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடம் கேட்டாலும், வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்குக் கட்டணம் மூன்று மடங்கு. வார இறுதிகளில் ஓட்டல் சலவைக்கூடத்தில் சூடு ஆறாத படுக்கை விரிப்புகளை மடித்தாள். விடுமுறை வரும்போதெல்லாம் விமான டிக்கெட் விலையைப் பார்ப்பாள். அடுத்த பருவத்துக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுவிட்டுத் திரையை மூடிவிடுவாள். ஊருக்கு ஒருமுறைகூட வர முடியவில்லை. போன் திரையில் மகள் முதலில் முத்தம் கொடுத்தாள், பிறகு கையாட்டினாள், பிறகு கூப்பிட்டால்கூட வராமல் விளையாடப் போனாள்.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தது. மகளுக்கு விசா வாங்கிக்கொண்டு வந்து இறங்கினாள்.

கதவைத் திறந்த அக்காவின் புடவைக்குப் பின்னால் குழந்தை ஒளிந்து நின்றது. 'பெரியம்மா' என்று சொல்ல நாக்கு வளையாத வயதில் அக்காவை 'ம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டிருந்தது.

"ம்மா, இது யாரு?"

அக்கா தடுமாறினாள். "என் தங்கச்சிடி..."

"அப்ப சித்தி!"

"ஐயோ, சித்தி இல்லடி தங்கம். இதுதான் உன் அம்மா."

"நீதான அம்மா?"

"விடுக்கா" என்றாள் வந்தவள். பெட்டியைத் திறந்து சிவப்பு ஷூவை எடுத்தாள். காலில் நுழையவில்லை.

சில நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. "அம்மா" என்ற முனகல் கேட்டு மருந்தோடு ஓடினாள். குழந்தை கரண்டியைத் தட்டிவிட்டு வாசலைப் பார்த்துக் கை நீட்டியது. அங்கே அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

"வாக்கா. உன்னைத்தான் கூப்பிடறா."

அக்கா தூக்கியதும் அழுகை அடங்கியது.

காய்ச்சல் விட்ட அன்று அக்காவே பேச்செடுத்தாள். "கூட்டிட்டுப் போடி. நாலு நாள் அழுவா, அப்புறம் பழகிடுவா. பெத்தவ நீ. நான் யாரு?"

"உன்னால முடியுமாக்கா?"

அக்கா சுவரைப் பார்த்தபடி, "அப்ப நீ இங்கேயே இருந்துடேன்" என்றாள்.

"வீட்டை யாரு மீக்கறது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

தனியாகத்தான் கிளம்பினாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். முத்தமிடக் குனிந்தவள் பாதியிலேயே நின்றாள். விழித்துக்கொண்டு அழுவாளோ என்று பயந்தாள். அழாமல் இருந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயந்தாள். விலகிக்கிடந்த போர்வையை இழுத்துவிட்டு, வெளியே நின்ற காரில் போய் ஏறிக்கொண்டாள்.