எண்பதில் வரும் நடுக்கம்

மடிக்கேரி போய்ச் சேர்வதற்குள் என் உள்ளங்கைகள் மரத்துவிட்டன. எழுபதைத் தாண்டினால் ஸ்டியரிங் உதறத் தொடங்கும். எண்பதில் கண்ணாடிகூட ஆடும். மங்களூரில் முன்பக்க சஸ்பென்ஷன் வேலை செய்த பிறகுதான் இப்படி. மாமனார் செங்கப்பா காபிக் களத்திலிருந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து முன் டயரைப் பார்த்தார். உட்பக்க ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது.

"இதுலயா என் பேத்தியக் கூட்டிட்டுப் போகப்போற?"

என் மனைவி பூவம்மா இறந்ததிலிருந்து மகள் தேச்சு இங்கேதான் இருக்கிறாள். திங்கட்கிழமை மங்களூரில் அவளுக்குப் பள்ளி திறக்கிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு கூடத்தில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி சரியானாத்தான் அனுப்புவேன், மாப்ளே."

சரியாகாமல் போனால் அவருக்கு நிம்மதி என்று தெரிந்தது. அவரோடு சண்டை போடவும் முடியவில்லை. திரும்பும் வழியில் சம்பாஜே மலைப்பாதையின் வளைவுகள், பின் இருக்கையில் அவள் தலை. எனக்கும் பயம் வந்தது. பல மாதங்களாக எதையுமே உணராமல் இருந்தவனுக்கு அதுவே விசித்திரமாக இருந்தது.

இருவருமாக வண்டியை ஹமீதின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். ஹமீது வண்டியைத் தூக்கி நிறுத்தி, டயரை ஒரு பக்கமாகத் தடவினான், பிறகு எதிர்ப்பக்கமாக.

"தொட்டுப் பாருங்க சார். இந்தப் பக்கம் வழவழன்னு இருக்கு, அந்தப் பக்கம் ரம்பம். சக்கரம் நேரா உருளல, தேய்ச்சுக்கிட்டே போயிருக்கு."

கீழே புகுந்தவன் சிரித்தான். "சக்கரம் அந்தரத்துல தொங்கறப்பவே ரப்பர் புஷ்ஷோட போல்ட்டெல்லாம் இறுக்கிட்டான். தரையில எறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கிச்சு. சக்கரம் நேரா நிக்குதான்னு அலைன்மென்டும் பாக்கல. எந்த மகராசன் கைவேலை இது?"

"இன்ஜினீயரு மாப்ள தேடிப் புடிச்ச ஆளு," என்றார் மாமனார். "மாவு மில்லு மாதிரி ஆடிட்டு வந்தாரு."

ஹமீது போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரங்களைத் தரையில் நிற்கவிட்டு மறுபடி இறுக்கினான். முன்னால் இரண்டு புது டயர். அலைன்மென்ட் மேடையில் ஏற்றியதும், கேட்காமலே ஒரு காபி மூட்டையை முன் இருக்கையிலும் இன்னொன்றைப் பின்னாலும் வைத்தான். இங்கே தோட்டத்து வண்டிகள் பாரம் இல்லாமல் ஓடுவதே இல்லை. அதனால் எல்லா வண்டிக்கும் பாரம் ஏற்றித்தான் அளவு பார்ப்பான்.

"மூட்டை எதுக்கு? வண்டியில நானும் கொழந்தையும் மட்டுந்தான்," என்றேன்.

"பக்கத்து சீட்ல?"

"யாரும் இல்ல."

ஹமீது மாமனாரைப் பார்த்தான். அவர் மழை வருமா என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முன் மூட்டையை இறக்கினான், பிறகு பின்னால் இருந்ததை. என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லி அளவுகளைத் திருத்தினான்.

"முடிஞ்சுது சார். குசால்நகர் ரோட்டுல மிதிச்சுப் பாருங்க."

மாமனார் பின்கதவைத் திறந்து, தேச்சு உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். "முன்னாடி வாங்க, மாமா" என்றேன்.

"அவ எங்க உக்காருவாளோ அங்க உக்காந்துதான் பாக்கணும். நீ ஓட்டு. ஆடிச்சுன்னா சொல்றேன்."

நேரான ரோடு வந்ததும் மிதித்தேன். அறுபது. எழுபது. பற்களைக் கடித்துக்கொண்டேன். எண்பதில் ஸ்டியரிங் மேசைமேல் வைத்த தட்டுபோல அசையாமல் இருந்தது. நம்ப முடியவில்லை. என் கை மரத்திருப்பதால்தான் தெரியவில்லையோ என்று ஒரு கையை எடுத்து உதறிவிட்டு மறுபடி பிடித்தேன்.

"மாமா, ஆடுதா?"

கேட்டுவிட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். மகள் போனதிலிருந்து ராத்திரியெல்லாம் தூங்காமல் களத்தில் நடந்துகொண்டிருக்கிறார் என்று அத்தை சொல்லியிருந்தாள்.

திரும்ப வேண்டிய இடம் வந்தது, கடந்தது. மழை விழ ஆரம்பித்தது. வைப்பரைப் போட்டால் கிறீச்சிடும், அவர் விழித்துக்கொள்வார். அதைப் போடாமல், வேகத்தைக் குறைத்து, முன்னால் குனிந்து, துளிகளுக்கு இடையில் ரோட்டைத் தேடினேன்.