சாம்பலில் விழுந்த புள்ளிகள்

1

"ஏம்மா, என் மூளை நிஜமாவே சுருங்கிப்போச்சா?"

பேருந்து ஓட்டுநரான கீழ்வீட்டு அக்கா தன் ஸ்கேன் அறிக்கையை நீட்டிக் கேட்ட இந்தக் கேள்வியில்தான் கதை பிறந்தது. கேட்டது ஸ்கேன் மையத்தில் வேலை பார்க்கும் மாடிவீட்டுப் பெண்ணிடம். அவள் அதை நோட்டில் கதையாக எழுதுகிறாள். ('நான்' என்று தொடங்கி அடித்துவிட்டாள். 'அவள்' என்றால்தான் கை ஓடுகிறது.)

2

அவள் வேலை புள்ளி வைப்பது. ஸ்கேன் படத்தில் மூளையின் உள்பக்கம் வெள்ளை, ஓரம் சாம்பல் நிறம். கணினியே பிரித்து ஓரத்தின் தடிமனை அளக்கும்; ஓரம் மெலிந்திருந்தால் மூளை சுருங்கியதாகக் கணக்கு. வெள்ளை மங்கிக் கிடந்தால் ஏமாந்துவிடும். அங்கே கையால் புள்ளி வைத்து 'இது வெள்ளைதான்' என்று காட்ட வேண்டும். கணினி அந்த இடத்துக்கு வெளிச்சம் ஏற்றி மறுபடி பிரிக்கும். புள்ளி சாம்பலில் விழுந்தால் அதையும் வெள்ளையென்று நம்பும், ஓரம் மெலியும். படத்தில் மட்டும்.

3

அக்காவின் அறிக்கை எண்ணை வைத்து மறுநாள் அந்தப் படத்தைத் தேடினாள். அவள் வைத்த பதினொரு புள்ளிகளில் நான்கு சாம்பலில்.

(அன்று அவளுக்குத் தலைவலி— இல்லை. படம் தெளிவாக— அதுவும் இல்லை.)

நோயாளிக் குறிப்பைப் படிக்காமல் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. அவள் படித்துவிட்டாள்: 'வயது 52, மறதி.' மெலிந்திருக்கும் என்று நினைத்தே பார்த்தாள்.

நான்கையும் எடுத்துவிட்டுக் கணினியை மறுபடி அளக்கவிட்டாள். ஓரம் வயதுக்கேற்றபடி இருந்தது. மேற்பார்வையாளரிடம் போனாள்.

"சார், தப்பு என்னுது."

"யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் நீயா போய்த் தலையைக் குடுக்கற? அடுத்த படத்தைப் பாரு."

4

நோட்டில் எழுதிய முதல் முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள், அக்கா கட்டிக்கொண்டு அழுகிறார், மறுநாள் பேருந்து கிளம்புகிறது. (படிக்கக் கூச்சமாக இருந்தது. நடக்காததற்கு வெளிச்சம் ஏற்றியிருக்கிறாள்.)

இரண்டாம் முடிவு: சொல்லவில்லை. அக்கா மறதிக்கான மாத்திரையை விழுங்கிக்கொண்டே இருக்கிறார். (இதை எழுத இரண்டு நிமிடம் போதுமாயிருந்தது. அதுதான் பயம்.)

5

நிஜத்தில் சொன்னாள். தன் வீட்டுச் சமையலறையில், அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது.

"விளையாடாதடி. நேத்து அடுப்பை அணைக்க மறந்தேனே?"

"பயத்துல மறந்திருப்பீங்கக்கா."

"என் பொண்ணு என்னைத் தனியா கடைக்குக்கூட விடறதில்ல. வண்டியையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க." மடியிலிருந்த அறிக்கையைப் பிரித்தார். "எத்தனை புள்ளி?"

"நாலு."

அடுத்து அவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? திட்டலாம், மன்னிக்கலாம், உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். அவளும் மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அடித்தாள்.

அக்கா அறிக்கையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். செருப்பை மாட்டினார். படியிறங்கிப் போய்விட்டார்.