வயது பத்தொன்பது, காரணம் காய்ச்சல்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு கடிதம். சென்னைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் எழுதியிருந்தார்: "தாங்கள் சிவகாசிப் பக்கம் என்று அறிகிறோம். எங்கள் 1968 தீபாவளி மலருக்கு, வெடிச் சத்தமும் சிரிப்பும் கலந்து, எட்டுப் பக்கத்துக்கு மிகாமல் ஒரு கதை அனுப்பவும்." படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கதை அதற்குப் பிறகு வந்தது.

நான் முழுநேரக் கதாசிரியன் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து மனு எழுதுகிறவன். எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். கதையில் வரும் பட்டாசுக் கம்பெனியின் பெயரையும் சொல்ல மாட்டேன். பயமா என்றால், ஆமாம், பயம்தான். அந்த வாசல்தான் எனக்குச் சோறு போடுகிறது.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஐப்பசி வெயில் உருக்கிய பொன்னாக விஸ்வநத்தத்துக் கரிசல் காட்டின் மேல்—"

அடித்துவிட்டேன். அன்றைக்கு யாரும் வெயிலைப் பார்க்கவில்லை.

இரண்டாவது: "சோலையம்மாள் ஓர் ஏழைத் தாய்."

இதையும் அடித்தேன். ஏழைத் தாய் என்று எழுதினால் வாசகர் கைக்குட்டையை எடுத்துவிடுவார். கைக்குட்டை எடுத்தவருக்குக் கோபம் வராது. எனக்கு வேண்டியது கோபம்.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

1961 ஆயுத பூஜை அன்று, கம்பெனி வாசலில் வேலையாட்களுக்குப் பொரி கடலை கொடுத்தார்கள். மேனேஜர் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று பேசினார்.

"நம்ம கம்பெனி ஆரம்பிச்சுப் பதினோரு வருசம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு உசுருச் சேதம் கெடையாது. எல்லாம் ஆத்தா புண்ணியம்."

எல்லோரும் கைதட்டினார்கள். சோலையம்மாள் முந்தானையில் பொரியை ஏந்திக்கொண்டு நின்றாள். முப்பத்தாறு, முப்பத்தேழு வயது இருக்கும். அவளும் புருஷன் தங்கச்சாமியும் முன்பு அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். மழை பொய்த்த வருஷங்களில் கம்பெனிக்கு வந்தார்கள். மூத்த மகள் வேலுத்தாயையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1958இல், தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்தின செவ்வாய்க்கிழமை, சீசன் ஆர்டர் நெருக்கத்தில், சரம் பின்னுகிற கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் மற்றவர்கள் தீக்காயத்தோடு தப்பினார்கள்; வேலுத்தாய் செத்துப்போனாள். சோலையம்மாள் அடுத்த கொட்டகையில் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

(தீயை வர்ணிக்க இங்கே ஒரு பத்தி இடம் விட்டு வைத்திருந்தேன். எழுதவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படும் வாசகர் மத்தாப்பு ஒன்றைக் கொளுத்தி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும்.)

"எம் மக செத்தாளே" என்றாள் சோலையம்மாள்.

கைதட்டல் ஓய்ந்திருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"யாரது? எந்த மக?"

"வேலுத்தாயி. அந்தா, எரிஞ்ச கொட்டகையில சரம் பின்னுனவ."

மேனேஜருக்கு முகம் மாறவில்லை. "கம்பெனி ரிக்கார்டுல அப்படி ஒண்ணும் இல்லையே. சர்க்கார் ரிக்கார்டுல இருந்தாக் கொண்டா, பாப்போம்" என்றார்.

அன்று அந்தத் தீயில் மண்ணை வாரி இறைத்தவர்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "கோழைகள்" என்று எழுதி, பிறகு அடித்தேன். மறுநாள் லோடு ஏற்ற அவர்களைக் கூப்பிட வேண்டியவர்தான் நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தார்.

சோலையம்மாள் பொரியை அங்கேயே உதறிவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிக்குள் அவள் கால் வைக்கவில்லை.

3

ஊரில் பிறப்பு இறப்பு எழுதுவது கிராம முன்சீப் பெத்தணனின் வேலை. இவரைக் கதையில் எப்படிக் கொண்டுவருவது என்று எனக்கு இன்னும் சந்தேகம். முறுக்கு மீசை, உருட்டு விழி, அதட்டல் குரல் என்று ஒரு வரைவு எழுதினேன். அது பொய். அவர் மெலிந்த உருவம். மெதுவாகப் பேசுவார். அவரிடம் கெட்ட வார்த்தை கேட்டவர்கள் இல்லை. மனுஷரைக் கொடுமைக்காரராகக் காட்டிவிட்டால் கதை சுலபமாகிவிடும். எனக்குக் கோபமே அவர் அப்படி இல்லை என்பதில்தான்.

"மூணு வருசத்துக்கு முந்துன கணக்கு இங்கன இருக்காதுத்தா. தாலுகாவுக்குப் போயிருச்சு" என்றார். "இப்ப எதுக்கு அதக் கெளப்புத?"

"எம் மக செத்ததுக்கு ரிக்கார்டு கேக்காருய்யா மேனேசரு."

"செத்த புள்ளய ஏட்டுல தேடி என்ன செய்யப் போற? இருக்கிற ரெண்டையும் பாரு."

வெயிலில் வந்தவள் என்று மோர் கொடுக்கச் சொன்னார். மோரை அவள் கையைக் குவிக்கச் சொல்லி ஊற்றினார்கள். செம்பை அவளிடம் தரவில்லை. பாதி மண்ணில் சிந்தியது.

4

தாலுகா ஆபீசுக்கு அவள் மூன்று தடவை வந்தாள். ரிக்கார்டு குமாஸ்தா மூன்று தடவையும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "தேதி என்னம்மா?" அவள் சொன்னாள்: தீபாவளிக்கு ரெண்டு வாரம் முந்துன செவ்வாய்க்கிழமை. "அது தேதி இல்ல. இங்கிலீஷ் தேதி வேணும்."

மூன்றாம் தடவை அவள் வெளியே வந்து என் சாக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எழுத்துக்காரய்யா, செவ்வாக்கெளமைக்கு இங்கிலீசுல என்ன?"

பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 28-10-1958. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கொண்டு போனவளிடம், "அந்த வருசத்துக் கட்டு எங்க கெடக்கோ, தேடணும். அப்புறம் வா" என்றார்கள். அவள் போகவில்லை. வராந்தாவில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் நாள், வரப்போகிற தேர்தலுக்காக ஓட்டுப்பெட்டிகளைத் துடைக்க வெளியே எடுத்தார்கள். பெட்டிகளுக்குப் பின்னால் அந்த வருஷத்து இறப்புப் பதிவேடுகள் ஒரு சாக்கில் கிடந்தன. (இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படியாகச் செய்திருப்பேன்.)

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டாள். குமாஸ்தா பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் படித்தேன்.

"வரிசை எண் 14. வேலுத்தாய். பெண். தகப்பன் பெயர் தங்கச்சாமி. தொழில், வீட்டு வேலை. வயது 19. மரணக் காரணம்..."

அந்த இடத்தில் நிறுத்தினேன். வெடி விபத்து என்று படித்துவிடலாம். அவளுக்குத் தெரியப்போவதில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். நான் நல்லவன் ஆகிவிடுவேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான் அப்படி நினைத்தேன். ஆனால் நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

"...காய்ச்சல்" என்று படித்தேன்.

"காச்சலா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"அவளுக்குக் காச்சலே வந்ததில்லையேய்யா." அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "பத்தொம்பதுன்னா வாசிச்சீக? பதினொண்ணுதான் ஆச்சு அவளுக்கு."

பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கம்பெனியில் வைக்கக் கூடாதென்று சட்டம் இருப்பதை அவளுக்குச் சொன்னேன். யார் இதை எழுதச் சொன்னது என்று கேட்டாள். குமாஸ்தா கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"தகவல் சொன்னது தங்கச்சாமி. ஒம் புருசன்தானே? இந்தா, ரேகை இருக்கு."

5

(இனி வருவது அவள் வீட்டில் நடந்தது. நான் அங்கே இல்லை. அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். மௌனங்கள் மட்டும் என்னுடையவை.)

தங்கச்சாமி சாயங்காலம் வேலை விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எம் மக காச்சல்ல செத்தான்னு நீருதான் சொன்னீராமே."

அவன் செம்பைக் கீழே வைத்தான். "நான் அப்படிச் சொல்லல."

"ஒம்ம ரேகை அங்கன இருக்கு. பாத்துட்டு வாரேன்."

வெகுநேரம் கழித்துச் சொன்னான். "மறுநா காலையில முன்சீப் ஆள் விட்டுக் கூப்பிட்டாக. மேனேசரும் அங்கன இருந்தாரு. ரேகை வைக்கலைன்னா புள்ளய மதுரைப் பெரிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போயி அறுத்துப் பாப்பாகன்னு சொன்னாக. போலீசு வரும்னாக. நம்ம புள்ள ஏற்கெனவே... அதுக்கு மேல அறுக்கவும் செய்யணுமான்னு நெனச்சேன். வச்சிட்டேன். அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானும் ஒன்னைய மாதிரித்தானே."

அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது என்று சோலையம்மாள் என்னிடம் சொன்னாள். அடிக்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் உட்காரவும் முடியவில்லை. முற்றத்தின் அந்தக் கோடியில் அவனும் இந்தக் கோடியில் அவளும் இருந்தார்கள்.

இருவரும் கட்டி அழுததாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன்.

6

மறுநாள் தாசில்தாருக்கு மனு எழுத வந்தாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "தாசில்தார் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, மேற்படி சோலையம்மாள் மிகத் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது..."

"என்ன எழுதுனீக, வாசிங்க."

வாசித்தேன்.

"தாழ்மை வேண்டாம்."

"அது வழக்கமா எழுதுறதுத்தா. எல்லா மனுவுலயும் இருக்கும்."

"நான் ஒண்ணும் பிச்சை கேக்க வரல. எடுத்துருங்க."

எடுத்தேன். அடுத்த வரியில் "விபத்தில் இறந்த என் மகள்" என்று எழுதினேன். விபத்தென்றால் என்ன என்று கேட்டாள். யாரும் செய்யாமல் தானாக நடந்துவிடுவது என்றேன்.

"அப்ப அது இல்ல" என்றாள். "ஒரு கொட்டகையில நாலு பேரு இருக்க வேண்டிய எடத்துல பதினாலு பேர அடைச்சாக. சீசனுக்கு லோடு போகணும்னு கதவப் பூட்டிப் போட்டு வேல வாங்குனாக. அப்படியே எழுதுங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதியவற்றில் நேரான மனு அது ஒன்றுதான். கதைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: வயதுக்கு ஆதாரம் காட்டவும். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். டீச்சர் வீரலட்சுமி பழைய சேர்க்கைப் பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினாள்.

"இருக்கும்மா. ரெண்டாப்பு வரைக்கும் வந்திருக்கா. பொறந்தது நாப்பத்தேழு, ஜூலை." அந்த வரியைப் பார்த்து எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டாள். "இதுக்காக என்னைய எங்கனயாச்சும் மாத்துவாக. மாத்தட்டும்."

மாற்றவும் செய்தார்கள்.

7

1963 பங்குனியில் உத்தரவு வந்தது. குமாஸ்தா சோலையம்மாளை வரவழைத்தார். நானும் கூடப் போனேன். உத்தரவை நான்தான் படித்தேன்.

"பள்ளி ஆவணத்தின்படி வயது 11 எனத் திருத்தப்படுகிறது. மரணக் காரணத்துக்கு மாற்று ஆவணம் எதுவும் இல்லாமையால், அந்தப் பதிவு அப்படியே நிற்கும்."

அவள் கையை நீட்டிக் கணக்குப் பார்ப்பது போல விரல்களை மடக்கினாள். "அப்படின்னா, பதினோரு வயசுப் புள்ள காச்சல்ல செத்துச்சு. அப்படித்தானே?"

"ஆமாம்."

"முந்தி அம்புட்டும் பொய்யா இருந்துச்சு. ஒரு பார்வைக்கே தெரிஞ்சிரும். இப்ப பாதி நெசத்தத் தடவி மீதிப் பொய்ய நல்லா ஒட்டிட்டாகளேய்யா."

குமாஸ்தா மைத்திண்டை அவள் பக்கம் நகர்த்தினார். "திருத்தத்த வாங்கிக்கிட்டேன்னு இதுல ரேகை வையி. கோப்ப முடிக்கணும்."

"வைக்கலைன்னா?"

"முடிக்க முடியாது. நிலுவையில கெடக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"நீ வைக்கிற வரைக்கும்."

"கெடக்கட்டும்" என்றாள் சோலையம்மாள். எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கையில் மை எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

8

இந்த இடத்தில் கதை முடிய வேண்டும். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: புதிதாக வந்த நேர்மையான தாசில்தார் சிவப்பு மையில் "காய்ச்சல்" என்பதை அடித்து உண்மையை எழுதுகிறார். மலர் ஆசிரியருக்கு இது பிடிக்கும். எனக்கும் அப்படி ஒரு தாசில்தாரைப் பார்க்க ஆசைதான். அந்த உத்தரவுக்குப் பிறகு ஐந்து தாசில்தார்கள் வந்தார்கள், நான் ஐந்து பேரையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு: சோலையம்மாள் களைத்துப்போய் ரேகை வைக்கிறாள். இது யதார்த்தம் என்று பாராட்டுவார்கள். வாயை மூடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

மூன்று: நடந்தது. அவள் இப்போது வேறோர் இடத்தில் குழாய் சுருட்டுகிறாள். தங்கச்சாமி வருஷம் ஒரு முறை அவளோடு தாலுகா ஆபீசுக்கு வருகிறான்; உள்ளே வராமல் என் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். புதிய தாசில்தார் நிலுவைப் பட்டியலைப் பார்த்து எரிச்சலோடு அவளைக் கூப்பிடுவார். அவள் செவ்வாய்க்கிழமையில் தொடங்கி, பூட்டிய கதவு வரைக்கும் சொல்லுவாள். ஐந்து அதிகாரிகள் அவள் வாயால் கேட்டுவிட்டார்கள். ஐந்து பேரும் மைத்திண்டை நகர்த்தினார்கள்.

1962 ஆயுத பூஜையில் மேனேஜர் உயிர்ச் சேதம் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். "அதுவே அவளுக்குக் கிடைத்த—" என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. சரம் பின்னுகிற கொட்டகையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் உயரத்தை நான் பார்த்தேன்.

அதனால் மூன்றாவது முடிவையும் முடிவென்று வைத்துக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை. முடித்துக் கொடுத்தால் நீங்கள் பக்கத்தைப் புரட்டுவீர்கள். மலரில் அடுத்த பக்கம் பட்டாசு விளம்பரமாகத்தான் இருக்கும்.

அதற்குப் பதில் அந்தப் பதிவேட்டின் பதினான்காம் வரியை இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். இனி தகவல் உங்களிடமும் இருக்கிறது.

வேலுத்தாய். பெண். வயது 11.

மரணக் காரணம்: ........................

தகவல் சொன்னவர்: ........................