முப்பத்து நான்கு பவுண்டு

டெல்மர் வாவ்ரா வீட்டு கராஜிலேயே விமானம் கட்டப்போவதாகச் சொன்னபோது அவன் மனைவி ஆர்டிஸ் சண்டை போடவில்லை, பேரம் பேசினாள். நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, சோளம் ஏற்றிய லாரிகளை நிறுத்து நிறுத்து அனுப்பியவள் அவள். எடை கூட வேண்டுமென்று ஓட்டுநர் இறங்காமல் வண்டிக்குள்ளேயே இருந்தால், கண்ணாடியைத் தட்டி, "கீழ எறங்குப்பா, உன்னை இங்க யாரும் வாங்கல" என்பாள்.

விமானம் பெட்டி பெட்டியாக வரும். பூட்டிக்கொள்வது நம் பொறுப்பு. அதோடு சேர்த்து வாங்கிக்கொள்ள விருப்பச் சாமான்கள் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருந்தார்கள். வேண்டியதற்கு எதிரே டிக் அடித்து அனுப்பினால் போதும். சமையலறை மேசையில் அந்தத் தாளை விரித்துக்கொண்டு டெல்மர், ஜவுளிக்கடையில் உட்கார்ந்த புதுமாப்பிள்ளை போல எல்லாவற்றின் மேலும் கை வைத்தான்.

"இறக்கை நுனியில விளக்கு?"

"போட்டுக்க."

"சக்கரத்துக்கு உறை?"

"எதுக்கு, அதுக்குக் குளிருமா?"

"காத்துல இழுவை குறையும், ஆர்டிஸ்."

"சரி, போட்டுக்க."

"தோல் சீட்டு?"

"நம்ம வீட்டு சோஃபாவே துணிதான். உன் இடுப்புக்கு அது போதும்."

தோல் சீட்டு போயிற்று. டெல்மர் அதற்காக ஒரு நிமிடம் துக்கம் காத்தான். பிறகு ஆர்டிஸ் பென்சிலை வாங்கி, இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு டிக் அடித்தாள். விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட். சீட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டையாக இருக்கும். இரண்டு சீட்டுக்கும் நடுவிலுள்ள சிவப்புக் கைப்பிடியை இழுத்தால் சின்ன ராக்கெட் ஒன்று அதை வெளியே பிடுங்கிப்போட, விமானம் அதில் தொங்கியபடி தரைக்கு இறங்கும். டெல்மருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அப்போது இரண்டு வருடம்.

"மேல போய் நீ மயங்கி விழுந்தா நான் என்ன பண்றது, வேடிக்கை பாக்கறதா? இது இருந்தா பக்கத்து சீட்டுல உக்காருவேன். இல்லேன்னா கராஜும் கிடையாது, நானும் கிடையாது."

"அதே விலைக்கு வழி காட்டற ரெண்டாவது திரையும் ஆட்டோபைலட்டும் வாங்கலாம்."

"வாங்கலாம். நீ தனியா பறக்கலாம்."

கை குலுக்கினார்கள். தாளிலிருந்த மற்ற டிக்கெல்லாம் அவனுடையது, இது ஒன்று அவளுடையது.

மூன்று குளிர்காலம் அவளுடைய கார் பனியில் நின்றது. விமானத்துக்குள் போகும் ஒவ்வொரு சாமானையும் ஆர்டிஸ் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதினாள். கட்டி முடித்தபின் விமானம் என்ன எடை வரும் என்பது இந்தத் தொழிலில் முதல் கவலை. ஆணி, கம்பி, பெயின்ட் டப்பாவில் மிச்சமிருந்தது என்று அவுன்ஸ் விடாமல் எழுதிய நோட்டை டெல்மரின் விமானக் கிளப் ஆட்கள் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அவள் கையால் நிறுக்காதது ஒன்றே ஒன்றுதான். தங்கையின் முழங்கால் ஆபரேஷனுக்காக அவள் ஒமாஹாவில் இருந்த வாரத்தில் பாராசூட் வந்து, டெல்மரும் அவன் சிநேகிதன் லொவெலும் சேர்ந்து பூட்டி, பின்தகட்டை ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். "உள்ள ராக்கெட் இருக்கு, தட்டிக்கிட்டிப் பாக்காத" என்ற டெல்மர், கேட்லாக்கைப் பார்த்து எடை சொன்னான்: முப்பத்து நான்கு பவுண்டு. அவள் எழுதிக்கொண்டாள். லொவெல் சிரமப்பட்டதற்காக அவனுக்கு ஒரு தட்டு கொலாச்சியும், நடுவில் பழம் வைத்த பன், சுட்டுக் கொடுத்தாள்.

அதே மாதம் இரண்டாவது திரையும் ஆட்டோபைலட்டும் வீட்டுக்கு வந்தன. "கண்காட்சித் தள்ளுபடி. கிட்டத்தட்ட சும்மா" என்றான் டெல்மர். ஈரச் சோளத்தைக் காய்ந்ததென்று தலையில் கட்ட வந்த எத்தனையோ குடியானவர்களைத் திருப்பி அனுப்பியவள், 'சும்மா' என்ற சொல்லை நம்பினாள். நாற்பது வருடக் குடித்தனம் ஆளை அந்த அளவுக்கு மழுக்கிவிடும்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒத்திகை. கராஜில் நிற்கும் விமானத்தில் இருவரும் ஏறி உட்காருவார்கள். டெல்மர் திடீரென்று தலையைத் தொங்கப் போடுவான். அவள் என்ஜினை அணைத்து, சிவப்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி இழுக்க வேண்டும். பாதுகாப்புக்காக ஒரு ஊசி செருகியிருப்பதால் அது அசையாது என்று சொல்லியிருந்தான். அசையவும் இல்லை.

"எட்டு செகண்டு. போயாச்சு, ரெண்டு பேரும். மறுபடியும்" என்பான்.

அடுத்த வசந்தத்துக்குள் அவள் அதை மூன்று செகண்டுக்குக் கொண்டுவந்தாள்.

மே மாதத்து சனிக்கிழமைக் காலை, ஊர் விமானத் திடலின் கொட்டகையில் எடை போடும் நாள். கிளப்பின் மூன்று தராசுகளை லொவெல் கொண்டுவந்தான். பயிருக்கு மருந்தடித்தே ஆயுளைக் கழித்த பழைய விமானி கிப் வேடிக்கை பார்க்க வந்தார். ஆர்டிஸ் ஒரு தட்டு ஆப்ரிகாட் கொலாச்சியும், கிடங்கிலிருந்து முத்திரை குத்திய ஐம்பது பவுண்டு இரும்புக்கல் இரண்டும் கொண்டுவந்தாள்.

"எங்களை நம்பலயா, ஆர்டிஸ்?" என்றான் லொவெல்.

"உங்களை நம்பறேன். தராசுங்க எனக்குச் சொந்தமா பந்தமா?"

மூன்று தராசிலும் கல்லை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. விமானத்தை ஏற்றினார்கள். இடது சக்கரம் முந்நூற்று ஒன்று, வலது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது, மூக்குச் சக்கரம் நூற்று நாற்பத்தெட்டு. மொத்தம் எழுநூற்று நாற்பத்தெட்டு பவுண்டு.

"நினைச்சதைவிட லேசு" என்று டெல்மர் கை தட்டினான். யாரும் கூடச் சேர்ந்து தட்டவில்லை.

ஆர்டிஸ் நோட்டைப் பார்த்தாள். எழுநூற்று எண்பத்திரண்டு. கழித்தாள். வந்த விடை அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இன்னொரு முறை கழித்தாள்.

"முப்பத்து நாலு குறையுது."

"மூணு வருஷக் கணக்கு, அங்க இங்க விட்டுப்போயிருக்கும்" என்றான் லொவெல்.

"என் கணக்குல விட்டுப்போகாது. மூக்குல நாம நினைச்சதைவிடக் கனம் கூடியிருக்கு, மொத்தத்துல குறைஞ்சிருக்கு. அப்ப குறையறது சீட்டுக்குப் பின்னாடி, வாலுப் பக்கத்துல."

டெல்மர் திரையைத் துடைக்க ஆரம்பித்தான். லொவெல் தராசின் ஒயரைச் சுருட்டினான். கிப் வாயிலிருந்த கொலாச்சியை மெல்லாமல் வைத்திருந்தார். ஆர்டிஸ் மூன்று முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். அப்போதுதான் விஷயத்தின் முழு அகலம் தெரிந்தது. தெரியாதவள் அந்தக் கொட்டகையில் ஒருத்திதான்.

"கிப், நீங்க பொய் சொன்னா காது சிவக்கும். உள்ள என்ன இருக்கு?"

கிப் விழுங்கினார். "ஒண்ணும் இல்லம்மா. கைப்பிடி லொவெல் பட்டறையில கடைஞ்சது."

"நல்லாத்தான் கடைஞ்சிருக்கான்."

"ஆர்டிஸ், கேளு" என்றான் டெல்மர். "முப்பத்து நாலு பவுண்டு. நீ, நான், பெட்ரோல், அதுக்கு மேல ஒரு பை வைக்க முடியாது. அது இல்லேன்னா நீ ஏறவே மாட்டே. உன் தைரியத்துக்குத்தான் அந்தக் கைப்பிடியை வச்சேன். கூட வரணும்னுதானே பண்ணினேன்."

"ஞாயித்துக்கிழமை நான் இழுப்பேனே. அப்ப நீ என்ன நினைச்சுக்குவ?"

டெல்மர் திரையைத் துடைப்பதை நிறுத்தினான்.

"சிரிச்சுக்குவியா?"

"இல்ல." டெல்மர் துணியை மடித்தான். "நல்லா இழுக்கறேன்னு நினைச்சுக்குவேன்."

அவன் சிரித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. நிஜமாகவே அவன் மயங்கி விழும் நாளில் அவள் அதே மூன்று செகண்டில் அதே கைப்பிடியை இழுத்து, தரை வரும்வரை இழுத்துக்கொண்டே இருந்திருப்பாள். தன் கை பலவீனம் என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பாள்.

விமானத்தோடு எப்போதும் இருக்க வேண்டிய சாமான் பட்டியலை அவள் எழுத உட்கார்ந்தாள். பாராசூட்: இல்லை. சிவப்புக் கைப்பிடி: ஒன்று, எதனோடும் சேரவில்லை. தாளைத் திருப்பி டெல்மரிடம் நீட்டினாள். "கையெழுத்துப் போடு."

"இதைப் போய் எழுதணுமா? விமானத்தைச் சோதிக்க வர்ற இன்ஸ்பெக்டர் பாப்பாரு."

"பாக்கட்டும். நான் ஒருத்தி மட்டும் பாக்காம இருந்தது போதும்."

போட்டான். "திரையை வித்துட்டு திங்கக்கிழமையே நிஜமானதுக்கு ஆர்டர் போட்டுடறேன். சத்தியமா."

ஆர்டிஸ் லொவெலைப் பார்த்தாள். "அது எப்படி வரும்?"

"மடிச்சு, சீல் வச்சு வரும். பிரிக்கக் கூடாது."

"அப்ப உள்ள பாராசூட் இருக்கா, பழைய கம்பளி இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், நிறுத்துப் பாரு. முப்பத்து நாலு இருக்கும்."

"முப்பத்து நாலு பவுண்டு கம்பளியும் முப்பத்து நாலுதான்யா காட்டும்."

இருபத்தாறு வருடத்தில் தராசுக்கு எட்டாத சரக்கு என்று ஒன்றை அவள் பார்த்தது அன்றுதான். இரும்புக்கற்களைத் தூக்க டெல்மர் ஓடிவந்தான். அவள் அவனைத் தாண்டி ஒவ்வொன்றாகத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தாள்.

"ஆர்டிஸ், நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"ரெண்டு திரை வச்சிருக்கியே, ரெண்டுலயும் வழி பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை எடுத்தாள்.