மரை போன ஸ்க்ரூ

இஞ்சின் மூடியோட கீழ்வரிசையில ரெண்டாவது ஸ்க்ரூவ முறுக்கையிலதான் அது நடந்துச்சு. சத்தம் ஒண்ணும் வரல. அதுவரைக்கும் கல்லு மாதிரி எதுத்து நின்ன திருப்புளி, சட்டுனு களிக்குள்ள விட்ட கரண்டி மாதிரி வழுக்கிக்கிட்டுச் சுத்துச்சு. கோட்டைச்சாமியோட மணிக்கட்டு அப்படியே நின்னுபோச்சு. பக்கத்துல மண்ணெண்ணெய்க் கிண்ணத்தோட குத்தவச்சிருந்த ராஜாத்தி நிமுந்து அப்பன் மூஞ்சியப் பாத்தா. பாத்திருக்கக் கூடாது.

குரங்கணியில இருந்து மலை எறங்கி வந்த வண்டி. இஞ்சின்ல கை வச்சா தோல் உரிஞ்சிரும், அம்புட்டுக் கொதி. "சூட்டோட அலுமினியத்துல ஸ்க்ரூ முறுக்குனா மரை பிஞ்சுக்கிட்டு வந்துரும்"னு ஊருக்கெல்லாம் சொல்றவரு அவருதான். ஆனா பஸ் ஸ்டாண்டு பக்கம் மதுரைக்காரன் ஒருத்தன் புதுசாப் பட்டறை போட்டதுல இருந்து, "ஆறட்டும் தம்பி, அப்புறம் பாக்கலாம்"னு யாருகிட்டயும் சொல்ல அவருக்கு வாய் வரமாட்டேங்குது. சொன்னா அடுத்த நிமிசம் வண்டி அங்க போய் நிக்கும். அதான் சூட்டோட ஆரம்பிச்சாரு. கை வலு பத்தலேன்னு திருப்புளிக் கழுத்துல ஸ்பானரையும் மாட்டி முறுக்குனாரு. அந்த ஸ்க்ரூ போச்சு. பதட்டத்துல அடுத்ததையும் அப்படியே முறுக்க, அதுவும் போச்சு.

வண்டி சௌந்தரபாண்டியனோடது. பட்டாளத்துல கழிச்சு ஏலம் விட்ட மோட்டார் சைக்கிள். எஸ்டேட் எஸ்டேட்டாப் போய் ஏலக்காய் சாம்பிள் வாங்கிட்டு வர்ற சோலி அவனுக்கு. இஞ்சின் மூடி இடுக்குல கசியிற எண்ணெய் காத்துல பின்னாடி பறந்து பை மேல படிஞ்சிரும். எண்ணெய் வாடை பிடிச்ச காயை எந்த யாவாரி மோந்து பாப்பான்? அன்னைக்கு, ஒழுக்கை நிப்பாட்டுங்கண்ணேன்னு வண்டிய விட்டுட்டு காப்பி கிளப்புக்குப் போயிருந்தான்.

கோட்டைச்சாமி தெருவ ஒருக்கா பாத்தாரு.

"ஆத்தா, உள்ள போயி அரக்கு கொண்டா."

அருவாளுக்குப் பிடி போடுற அரக்கு. எதுக்குன்னு தெரியாமலேதான் ராஜாத்தி எடுத்தாந்து குடுத்தா. அவரு நூலை ஸ்க்ரூவுல சுத்தி, அரக்கை உருக்கித் தோச்சு, ஓட்டையில வச்சு அமுக்கி, ஈரத்துணியால ஒத்தி ஒத்திக் குளிர வச்சாரு. ரெண்டும் தலை மட்டத்துக்கு அழகா உக்காந்துக்கிச்சு. அப்புறம் மக மூஞ்சியப் பாக்காமலே கேட்டாரு:

"நீ என்னத்தப் பாத்த?"

"அப்பா..."

"ஒண்ணும் பாக்கல. போயி அடுப்பப் பாரு."

சௌந்தரபாண்டியன் வந்து வண்டிய எடுத்து, கொஞ்ச நேரம் உறும விட்டுட்டு, மூடிக்கு அடியில வெரல விட்டுத் தடவுனான். ஒரு பொட்டு எண்ணெய் இல்ல.

"கோட்டைச்சாமிண்ணே, அந்த மதுரைக்காரனை மூட்டை கட்டச் சொல்லிரலாம்ணே! என் சம்சாரம் ஒரு வாரமா மொகம் குடுத்துப் பேசல. சேலையெல்லாம் எண்ணெய் தெறிச்சிருச்சாம். நாளைக்கு மலையேறி மெட்டுக்கு மேல அவ ஆத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இனி வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு உக்காரட்டும்."

கோட்டைச்சாமி சிரிச்சாரு. சிரிப்பு வாயோட நின்னுக்கிச்சு.

அவன் சம்சாரம் ஞானசெல்விதான் ராஜாத்திக்குத் தையல் சொல்லிக் குடுத்தவ. "ஊசியப் பிடிக்கிறியா, கடப்பாறையப் பிடிக்கிறியாடி?"ன்னு சிரிச்சுக்கிட்டே கையில தட்டுவா.

சாயந்தரம் சோத்தைப் போட்டுட்டு ராஜாத்தி மெள்ளக் கேட்டா. "அப்பா, சமதளத்துல போனா நிக்கும். மெட்டு ஏறுனா இஞ்சின் கொதிக்குமே. அரக்கு இளகிருமே."

"ஓடுற வண்டிக்குக் காத்து அடிக்கும். இளகாது."

"இளகி எண்ணெய் கொட்டுனா பின் டயர்லதானப்பா விழுகும். கொண்டை ஊசித் திருப்பத்துல..."

"நாளை மறுநாள் ஏதாச்சும் சாக்குச் சொல்லி வண்டிய வாங்கி, மதுரைக்குக் கொண்டு போயி ஓட்டையப் பெருசாக்கி வேற ஸ்க்ரூ போட்டுருவேன். ஒரே ஒரு நாளு ஆத்தா." தட்டைத் தள்ளி வச்சாரு. "இப்ப நானே போயி மரையத் தின்னுட்டேன்னு சொன்னா, நாளையில இருந்து யாரு இந்த வாசல்ல வண்டிய நிப்பாட்டுவான்? பொட்டிபுரத்துல காடு காடாப் போயி களை வெட்டவா, உன்னையும் உங்க ஆத்தாளையும் கூட்டிக்கிட்டு?"

அம்மா மாயக்காள் அடுப்படியில இருந்து எதையும் கேக்காத மாதிரி பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தா. வெளக்குன பாத்திரத்தையே திரும்பத் திரும்ப வெளக்குனா.

விடிஞ்சும் விடியாமலும் ராஜாத்தி சௌந்தரபாண்டியன் வீட்டுக்கு ஓடுனா. அவ போன நேரம் ஞானசெல்வி நெசமாவே வெள்ளைச் சேலையில, நீலக்கரை போட்டது, வண்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கா.

"அண்ணே, போகாதீங்க! ரெண்டு ஸ்க்ரூ மரை போச்சுண்ணே. அரக்கு வச்சு ஒட்டியிருக்கு. மலையேறுனா விட்டுரும்."

சௌந்தரபாண்டியன் சிரிக்கல. குனிஞ்சு பாத்தான். வெரல விட்டுத் தடவுனான். காஞ்சு கெடந்துச்சு. இருந்தாலும், "வா, உங்கப்பனையே கேட்டுருவோம்"னு வண்டியத் தள்ளிக்கிட்டே பட்டறைக்கு வந்துட்டான். ராஜாத்திக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. நேருக்கு நேரா கேட்டா அப்பனால பொய் சொல்ல முடியாதுன்னு நெனச்சா.

பட்டறை வாசல்ல ரெண்டு பேரு பம்ப் இஞ்சினை எறக்கிக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு முன்னாடிதான் அவன் கேட்டான்.

"அண்ணே, ஒங்க மக என்னமோ சொல்லுது. அரக்கு வச்சு ஒட்டியிருக்காமே?"

கோட்டைச்சாமி மகளைப் பாத்தாரு. அப்புறம் அந்த ரெண்டு பேரைப் பாத்தாரு. திருப்புளிய எடுத்து, கீழ்வரிசையில அதே ரெண்டாவது ஸ்க்ரூவுல வச்சு, எல்லாருக்கும் தெரியிற மாதிரி முறுக்குனாரு. ராத்திரிப் பனியில குளுந்து கெடந்த அரக்கு அசையவே இல்ல. அடுத்ததுலயும் வச்சு முறுக்குனாரு. அதுவும் அசையல.

"நீங்களே முறுக்கிப் பாருங்க தம்பி."

சௌந்தரபாண்டியன் வாங்கி முறுக்கிப் பாத்தான். இரும்பா நின்னுச்சு.

"பொம்பளப் புள்ள, ஏதோ கெனாக் கண்டுட்டு ஒளறுது. பயந்த சுபாவம்"னாரு கோட்டைச்சாமி.

"பேசாம மதுரைக்காரன் பட்டறைக்குப் பொண்ணு குடுத்துரலாம் போல. இப்பவே அவனுக்கு யாவாரம் பிடிச்சுக் குடுக்குதே!"ன்னான் பம்ப் இஞ்சின் எறக்குனவன். எல்லாரும் சிரிச்சாங்க. ஞானசெல்வி மட்டும் ராஜாத்தி கன்னத்தத் தொட்டு, "எங்க மேல அம்புட்டுப் பாசமாடி? சாயந்தரமே வந்துருவோம்"னுட்டு ஏறி உக்காந்தா. வண்டி கெளம்பிருச்சு.

"அப்பா, இன்னும் மலையடியில முந்தல் தாண்டியிருக்க மாட்டாங்க. சைக்கிள எடுங்கப்பா." அவரு காலைக் கட்டிக்கிட்டு அழுதா. "வேணாம்னா ஒரு ஜீப்புலயாச்சும் ஏறிப் போங்கப்பா." அவரு அந்தப் பம்ப் இஞ்சினைப் பிரிச்சு ஒவ்வொண்ணாத் தரையில அடுக்கிக்கிட்டே இருந்தாரு. ஒரு தடவை எந்திரிச்சு சைக்கிள் வரைக்கும் போனாரு. ஹேண்டில்பாரைப் பிடிச்சாரு. தெருவுல யாரோ "என்னண்ணே, வெளியூரா?"ன்னு கேக்கவும், "இல்லப்பா, காத்து இருக்கான்னு பாத்தேன்"னு சொல்லிட்டுத் திரும்ப வந்து உக்காந்துக்கிட்டாரு.

உச்சி வெயில் சாயிறப்ப எஸ்டேட் ஆளுகளை எறக்கிட்டு வந்த ஜீப்பு சேதி கொண்டு வந்துச்சு. மெட்டுக்குப் பக்கத்துல, திருப்பத்துல, பின் சக்கரம் வழுக்கிருச்சு. அவன் ரோட்டுல விழுந்துட்டான். அவ விழுந்த பக்கம் ரோடு இல்ல. வண்டி அவளுக்கும் கீழ போயி, பெட்ரோல் தீப்பிடிச்சு எரிஞ்சு, கரித்துண்டாக் கெடக்குதாம்.

ராஜாத்தி அழுகல. அழுதா ஏன் இம்புட்டு அழுகுறேன்னு கேப்பாங்களேன்னு பயம். மாயக்காள் மகளை உள்ள இழுத்துக் கதவச் சாத்துனா. கோட்டைச்சாமி எழவு வீட்டுக்குத் துட்டி கேக்கப் போனாரு. கல்லறைக்கும் போனாரு. எல்லாருக்கும் முன்னாடி நின்னு மண்ணு அள்ளிப் போட்டாரு.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு சௌந்தரபாண்டியன் பட்டறைக்கு வந்தான். ஒரு கை கழுத்துல தூளி கட்டித் தொங்குது. மூஞ்சி பாதி உரிஞ்சு கெடக்கு. கோட்டைச்சாமி எந்திரிச்சு, "வாங்க தம்பி"ன்னு ஸ்டூலை நகத்துனாரு. அவன் உக்காரல. நேரா ராஜாத்திக்கு முன்னாடி வந்து நின்னான்.

"தாயி, அன்னைக்குக் காலையில சொன்னியே, அதை இன்னொருக்கா சொல்லு."

அவ அப்பனைத் திரும்பிப் பாத்தா.

"அவளோட அண்ணன்மாரு நான் வேகமாப் போயித்தான் கொன்னுட்டேங்கிறாங்க. நானும் ராவும் பகலும் நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். வேகமாப் போனேனா, மெதுவாப் போனேனா, எனக்கே வெளங்கல. வண்டியிலதான் கோளாறுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. ஊருக்குச் சொல்ல வேணாம். போலீசுக்கும் வேணாம். எனக்கு மட்டும் சொல்லு."

அப்பன் தூணைப் பிடிச்சுக்கிட்டு தரையப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு. கதவு இடுக்குல அம்மா ரெண்டு கையையும் சேத்துக் கும்பிட்டுக்கிட்டு இருக்கா, சாமியக் கும்பிடல, ராஜாத்தியத்தான்.

"சொல்லு தாயி."

"நான்... நான் சும்மா சொன்னேண்ணே. கெனாக் கண்டேன்."

அவன் அவளையே பாத்தான். கோவமே இல்ல அந்தக் கண்ணுல. கெணத்துல விழுந்தவன், பிடிச்சுக்கிட்டு இருந்த கயித்தை யாரோ மேல இருந்து அவுத்து விட்டதப் பாத்தா எப்படிப் பாப்பானோ, அப்படிப் பாத்தான்.

"சரி தாயி. அப்ப நாந்தான்"னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தான்.

அவன் தெருமுனை திரும்புற வரைக்கும் நேரம் இருந்துச்சு. "அண்ணே"ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும். நடக்க முடியாம நின்னு நின்னுதான் போனான். ராஜாத்தி வாயத் தெறந்தா. காத்துதான் வந்துச்சு.

கோட்டைச்சாமி தூணை விட்டுட்டுப் பக்கத்துல வந்து, "ஆத்தா"ன்னு தோள்ல கைய வச்சாரு. அவ அந்தக் கைய எடுத்து விட்டுட்டு, வீட்டுக்குள்ள போயி, சாக்குமூட்டைகளுக்குப் பின்னால இருட்டுல ஒடுங்கி உக்காந்துக்கிட்டா. யாரு வந்து கூப்பிட்டும் வெளிய வரல.