மகமைக் கிணறு

"ரயிலுல முதல் வகுப்புன்னா மெத்தையாச்சும் போட்டிருப்பான் மாப்ளே. உன்ற போர்டுல என்ன..."

"சொல்ல உடுங்க மாமா. இந்த ஊர்ல மில்லு வெச்சிருக்கறது நீங்க ஒருத்தருதான்..."

"வெச்சது தப்பாடா?"

ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் ஏறிக்கொண்டிருந்தார். ஒருவர் உண்ணாமலையின் புருஷன்; கடலைக்காய் உடைக்கும் மில்லுக்கு முதலாளி, அர்த்தநாரி. மற்றவன் அவள் தம்பி வேலுசாமி; ஆறு மாதமாகப் பஞ்சாயத்து போர்டு தலைவர். மில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் கீழத்தெருவுக்குக் குடிதண்ணீர்க் கிணறு வெட்ட, போர்டு தொழில்வரியை ஏற்றியிருந்தது. வரிப் பட்டியலில் மூன்றாம் வகுப்பிலிருந்த அர்த்தநாரி, வரி மிக அதிகமான முதல் வகுப்புக்குப் போய்விட்டார்.

"மில்லைப் பேத்து சூரமங்கலத்துக்குக் கொண்டுட்டுப் போயிர்றேன். அறுவது பேருக்கு உன்ற போர்டு சோறு போடட்டும். நாளைக்கு நீ அந்தப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டீன்னா, இந்த ஊட்டுப் படி ஏறாதே."

காலையிலிருந்து மூன்று தரம் மோர் கரைத்து ஓய்ந்துபோயிருந்தாள் உண்ணாமலை. பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தம்பி ஒருவன்தான்.

"எந்த வருசத்து லாபத்தை வெச்சு ஏத்துனே சாமி?"

"போன வருசத்துதான் அக்கா."

"போன வருசம் வெலை இருந்துச்சு. இப்ப மூட்டையில்லாமப் பாதிக் கிட்டங்கி காலி. ரொம்ப ஏத்துனா மொதல்ல வேலையில்லாம நிக்கறது உங்க மாமா இல்ல, பருப்புப் பொறுக்கற பொம்பளைக. ரெண்டாம் வகுப்புல போடு."

"அதுல பாதிக் கெணறுதான் வரும். பாதிக் கெணத்துல தண்ணி வருமா?"

"மீதிய அடுத்த வருசம் வெட்டு. மில்லு போயிருச்சுன்னா கெணறே வராது."

வேலுசாமி காதிலிருந்த பென்சிலை எடுத்தான். அர்த்தநாரி கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒண்ணும் வேண்டாம். முழுக் கெணத்தையும் நானே வெட்டித் தாரேன். மகமையா எடுத்துக்கங்க. வரின்னு எவனும் எங்கிட்டக் கேக்கப்படாது."

மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் தருமத்துக்கு எடுத்துவைப்பதுதான் மகமை. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் அதிலிருந்து தாராளமாகக் கொடுத்தவர் அவர். கஞ்சர் என்று அவரை எவரும் சொல்லிவிட முடியாது. கேட்ட வரியைவிடக் கிணற்றுக்குச் செலவு அதிகம் என்பதும் அவருக்குத் தெரியும்.

வேலுசாமியின் முகம் இளகிவிட்டது. "முழுக் கெணறே கெடைக்குது அக்கா. சண்டையும் தீந்துச்சு." பென்சில் காதுக்குத் திரும்பியது.

தீர்ந்ததென்று அவளும் உள்ளே போயிருக்கலாம். இரண்டு பேருக்கும் சோறு போட்டால் தீர்ந்தது, தம்பியும் படியேறிக்கொண்டிருப்பான். உண்ணாமலை மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தூணைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, போன தையில வண்டிக்காரங்க மேல கோவம்னு உங்க மகமையில கட்டுன சத்திரத்தை இருவது நாளு பூட்டி வெச்சீங்களே. நாளைக்குக் கீழத்தெருக்காரங்க கூலி ஏத்திக் கேட்டா, கெணத்தையும் பூட்டிருவீங்களா?"