சம்பலில் போட்ட மாசி

எமிலி புதுச்சட்டி வாங்கி வந்ததைப் பார்த்தபோதுதான் பேர்னாட்டுக்கு முதலில் நெஞ்சு சுருக்கென்றது.

வியாழக்கிழமை பின்னேரம் கந்தோர் விட்டு வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தினான். குசினி வாசலில் மூன்று மண்சட்டிகள் தண்ணீர் நிரம்ப ஊறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு புது அகப்பை. வீட்டில் சட்டிக்குப் பஞ்சமில்லை.

"இது என்னத்துக்கு?"

"தங்கத்துக்கு. நம்மட சட்டியெல்லாம் மீன் ஆக்கினது. விரதக்காரிக்கு அதில ஆக்கிக் குடுக்க ஏலுமா? இஞ்சருங்க, சனிக்கிழமை வரைக்கும் மீன் வாங்கிட்டு வந்திராதங்க."

தங்கம் என்பது சின்னத்தங்கம். வெல்லாவெளிப் பெண். எமிலியும் அவளும் டவுனில் ஒரே விடுதியில் ஆறு வருடம் இருந்து படித்தவர்கள். ஒருத்தி வேதக்காரி, மற்றவள் சைவம். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். படிப்பு முடிந்து எமிலி பேர்னாட்டைக் கட்டிக்கொண்டு புளியந்தீவில் குடிவந்தாள். தங்கம் ஆசிரியையாகிப் பதுளைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். எமிலிக்குக் கல்யாணமாகி இந்த இரண்டு வருடத்தில் தங்கத்தின் கடிதம் இரண்டு கிழமைக்கு ஒன்று தவறியதில்லை. ஒவ்வொன்றும் எட்டுப் பக்கம். எமிலி அவற்றை அலுமாரியில் தன் சேலைகளுக்கடியில் வைத்திருந்தாள். பேர்னாட் ஒன்றையும் படித்ததில்லை. படிக்கச் சொல்லி அவள் கொடுத்ததுமில்லை.

அறுபத்து நாலாம் வருடத்துப் புரட்டாதியில் தங்கம் லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தாள். அவளுடைய தகப்பனுக்குக் கண்ணில் பூ விழுந்து, கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலில் அவரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். அதற்கு முன் மிஞ்சிய ஒரே நாள் சனிக்கிழமை. அன்றைக்கு, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் நடுவில் இருக்கும் சின்னத் திட்டுக்கு இருவரும் தோணியில் போய், சாப்பிட்டு, பின்னேரம் திரும்புவதென்று கடிதத்திலேயே பேசி முடித்திருந்தார்கள். விடுதி யன்னலால் ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்த திட்டு அது. ஒரு நாளும் போக விட்டதில்லை.

"நல்ல யோசினைதான். நானும் சனிக்கிழமை லீவு போட்டிட்டன்," என்றான் பேர்னாட். "மூணு பேருமாப் போவம்."

எமிலி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நீங்க வேணாம். நீங்க இருந்தா எங்களுக்குக் கதைக்க ஏலாது."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டில் பருப்பும் பூசணியும். எமிலி முனகாமல் சாப்பிட்டாள். போன வருடம் அவனுக்குச் செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஒரு மாதத்துக்கு மீனும் எண்ணெயும் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாதமும் எமிலி குசினிக்குப் பின்னால் தனியாக அடுப்பு மூட்டி, தனக்கென்று இரண்டு மீன் பொரித்துத் தின்றாள். "மீனில்லாமல் எனக்குச் சோறு இறங்காது, என்ன செய்ய," என்று சொல்லிச் சிரித்தாள். அவனும் அப்போது சிரித்தான். இப்போது அந்தச் சிரிப்பு ஞாபகத்துக்கு வந்தது. புருஷனுக்காக இறங்காத சோறு சிநேகிதிக்காக இறங்குகிறது.

வெள்ளிக்கிழமை முழுக்க எமிலி ஒரு துண்டுக் கடதாசியும் பென்சிலுமாகவே திரிந்தாள். என்ன ஆக்குவது என்று எழுதுவாள், வெட்டுவாள். புட்டு வேண்டாம், மத்தியானத்துக்குள் காய்ந்துபோகும். முருங்கைக்காய் வேண்டாம், மணலில் இருந்து அதைச் சப்பிக்கொண்டிருக்க முடியாது. சொதி தோணியில் ஊற்றுப்படும். கத்தரிக்காய் பொரித்துப் பிரட்டினால் நல்லது. ஆனால் தங்கத்துக்கு விதை முற்றினால் ஆகாது, பிஞ்சுதான் வேண்டும். அந்தப் பிஞ்சுக்காகப் பேர்னாட் கந்தோரின் மத்தியான இடைவேளையில், வெயிலில் சந்தைக்கு இரண்டு தரம் போய்வந்தான். முதல் தரம் கொண்டுவந்ததை எமிலி நகத்தால் கீறிப் பார்த்து, "இது ஆடு தின்னும்," என்று தள்ளிவைத்தாள்.

கடைசியில் முடிவானது: சம்பாச் சோறு, கத்தரிக்காய்ப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், வெங்காயச் சம்பல், பிறகு கஜுக் கறி. கஜுக் கறி என்றதும் பேர்னாட் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு உயிர் அந்தக் கறி. முந்திரிப் பருப்பை இரவெல்லாம் ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, கெட்டிப் பாலில் வேகவைக்க வேண்டும். மார்கழியில் நத்தார் பண்டிகைக்கு மட்டும் ஆக்குவாள். மற்ற நாளில் கேட்டால், "அந்த வேலைக்கு ஆர் இருக்கா," என்பாள்.

சனிக்கிழமை விடியமுன்னமே எழும்பி, தலை முழுகி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு அவள் அந்தக் கறியை ஆக்கினாள். தேங்காய் துருவியவன் பேர்னாட்.

ஏழு மணிக்குள் எல்லாம் இறக்கியாயிற்று. சம்பல் மட்டும் சட்டியில் ஆறிக்கொண்டிருந்தது. எமிலி வாழையிலை வெட்டப் பின்வளவுக்குப் போனாள். குசினியில் பேர்னாட் தனியே நின்றான். அந்தச் சம்பலுக்கு வழக்கமாக மாசிக் கருவாட்டைத் தூளாக்கிப் போடுவாள். இன்றைக்கு இல்லை. மாசித் தகரத்தை வியாழனன்றே பழந்துணியில் சுற்றி, அறைக்குள் அவனுடைய மேசைக்கடியில், அவன் கால் வைக்கும் இடத்தில் தள்ளியிருந்தாள்.

அவன் போய் அதை எடுத்துவந்தான். எடுக்கும்போதும் சரி, துணியை அவிழ்க்கும்போதும் சரி, என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்தான். ஒரு பிடி போட்டான். பிறகு இன்னொரு பிடி. புது அகப்பையால் கிளறினான். பொரிந்த வெங்காயத்தின் நிறத்தில் மாசி எங்கே போனதென்று தெரியவில்லை. தகரத்தைப் பழையபடி மேசைக்கடியில் வைத்துவிட்டு வந்தான். தங்கம் ஒரு வாய் வைப்பாள், முகம் சுளிப்பாள், கடைசியில் இவளை நம்பி விரதச் சாப்பாடு சாப்பிட்டேனே என்று எழும்பிவிடுவாள். அதற்குப் பிறகு எட்டுப் பக்கக் கடிதம் வராது.

எமிலி வந்து, அவசரமாகச் சம்பலை வேறொரு தகரத்தில் அடைத்து மூடினாள். அதே அகப்பையால் கஜுக் கறியை ஒரு தூக்கிலும் கத்தரிக்காயை இன்னொரு தூக்கிலும் அள்ளிப் போட்டாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

எட்டரைக்குத் தங்கம் வந்தாள். கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நேரே வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு ஈரம் காயவில்லை. கையில் ஒரு முட்டி எருமைத் தயிர். பேர்னாட் நினைத்ததுபோல அவள் அழகியுமில்லை, வாயாடியுமில்லை. மெலிந்து, கண்ணாடி போட்டு, களைத்துப்போயிருந்தாள்.

"அண்ணனுக்கும் ரெண்டு நாளா மீனில்லையாம். என்னால வந்த வினை," என்றாள்.

"அதொண்டுமில்ல. உங்களுக்கு இண்டைக்கு ஒருநேரச் சாப்பாடுதானா?"

"ஓம். இது கடைசிச் சனி. மற்ற மூண்டும் ஒரு பிசகுமில்லாமப் பிடிச்சிட்டன். அப்பாட கண்ணுக்கு நேந்தது." தயிர் முட்டியைக் கூடைக்குள் இறக்கிவைத்துக்கொண்டே, "மற்றக் கண் முந்தியே போயிட்டு," என்றாள்.

அவன் அப்போதே சொல்லியிருக்கலாம். துறைவரை கூடையைச் சுமந்துபோய், தோணிக்காரன் கந்தப்போடியின் தோணியில் ஏற்றிக் கொடுத்தான். தோணி தள்ளியதும் எமிலி கரைப்பக்கம் கிறுகிப் பார்க்கவேயில்லை. தங்கத்தின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் குலுங்கிச் சிரித்தது கரைவரை கேட்டது. பேர்னாட்டுடன் எமிலி அப்படிச் சிரித்ததில்லை. போகட்டும், நல்லாச் சிரிக்கட்டும் என்று கறுவிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

பதினொரு மணிபோலப் பசித்தது. எமிலி அவனுக்கென்று சட்டிகளில் மிச்சம் வைத்திருந்தாள். சோற்றைப் போட்டு, சம்பலை வைத்து, முதல் பிடியை வாய்க்குக் கொண்டுபோனபோது மாசி மணந்தது. அதோடு திருநீறும் கண்ணாடியுமாக அந்த முகமும், மற்றக் கண் முந்தியே போயிட்டு என்ற பேச்சும் வந்தன. கை கீழே இறங்கிவிட்டது. கைகழுவிய ஈரத்தோடு சைக்கிளை எடுத்தான்.

கந்தப்போடி துறையில் தோணியைக் கட்டிவிட்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணன், கெதியா அங்க கொண்டுபோய் விடுங்க."

"மூணு மணிக்குத்தானே தம்பி வரச் சொன்னாங்க?"

"உப்பை விட்டிட்டுப் போயிட்டாங்க."

கந்தப்போடி அவனுடைய வெறுங்கையைப் பார்த்தான். "ஆத்துத் தண்ணியே உப்புத்தானே," என்றான். ஆனாலும் எழும்பிக் கயிற்றை அவிழ்த்தான்.

பேர்னாட்டுக்கு நீந்தத் தெரியாது. சோழகக் காற்று அடங்குகிற காலம். இருந்தாலும் நடு ஆற்றில் அலை தோணியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, திட்டையே பார்த்தபடி இருந்தான். முதலில் தண்ணீருக்குள் வேர்விட்டு நின்ற கண்ணா மரங்கள் தெரிந்தன. பிறகு ஒரு வெள்ளைச் சேலையும் ஒரு பச்சைச் சேலையும். வெள்ளைச் சேலைக்காரி எழுந்துபோய் தூரத்தில் எதையோ வைத்துவிட்டு வருவது தெரிந்தது. சனி விரதக்காரர் சாப்பிடமுன் காகத்துக்கு வைக்கும் சோறு அது.

முழங்கால் தண்ணீரில் குதித்துச் சப்பாத்தோடு நடந்தான். தங்கம் திரும்பி வந்து இலைமுன் உட்கார்ந்து, சோற்றில் கை வைத்திருந்தாள். இலையில் கத்தரிக்காய் இருந்தது, கஜுக் கறி இருந்தது. சம்பல் இல்லை. சம்பல் தகரம் துணியில் இறுக்கிக் கட்டி, எமிலியின் முதுகுக்குப் பின்னால் மணலில் கிடந்தது.

எமிலி அவனைப் பார்த்த பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. மூடியைத் திறந்ததும் மணம் சொல்லிக்கொடுத்திருக்கும்.

"சம்பல் ஊசிப்போச்சு, எடுத்து வச்சிட்டன்," என்றாள் எமிலி, ஒவ்வொரு சொல்லாக. "நீங்க என்னத்துக்கு வந்த?"

சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். எமிலி அதற்கு வழிவிட்டுத்தான் கேட்டாள். ஆனால் அகப்பை விஷயம் அவளுக்குத் தெரியாது.

"தங்கச்சி, அதைத் தின்னாதங்க," என்றான். "சம்பல் ஊசிப்போகல்ல. நான்தான் அதுக்குள்ள மாசியப் போட்டன். கிளறின அகப்பையாலதான் மற்றக் கறியெல்லாம் அள்ளின."

தங்கம் பிசைந்த சோற்றைப் பார்த்தாள். பிறகு அதை இலையிலேயே விட்டுவிட்டு, கையை மற்றதுகளில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாமலா போட்டீங்க?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"எனக்கு எரிச்சல். அவ உங்களுக்குச் செய்யிறதில பாதியும் எனக்குச் செய்யிறல்ல."

கந்தப்போடி தோணியில் ஏதோ தேடுகிறவன்போலக் குனிந்தான். தங்கம் எழும்பித் தண்ணீரோரம் போய், நெடுநேரம் கைகழுவினாள். திரும்பி வந்தபோது அழவில்லை, திட்டவுமில்லை. "அண்ணன், அது அப்பாட கண்," என்றாள். அவ்வளவுதான். கூடையிலிருந்து தான் கொண்டுவந்த தயிர் முட்டியையும் இரண்டு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள்.

எமிலியும் எழும்பி அவளோடு போய் உட்கார்ந்தாள். அவளும் தயிரும் பழமும்தான் சாப்பிட்டாள்.

ஆக்கியதெல்லாம் பேர்னாட்டுக்கும் கந்தப்போடிக்கும் ஆயிற்று. கந்தப்போடி வஞ்சகமில்லாமல் சாப்பிட்டான். "தம்பிட பொஞ்சாதிக்கு நல்ல கைப்பக்குவம். அந்தச் சம்பலையும் இஞ்சால தாங்க," என்றான். பேர்னாட்டும் சாப்பிட்டான். கஜுக் கறி நத்தாரைவிட நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததே அவனுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மரத்தடியில் மெல்லப் பேச்சுத் தொடங்கியது. பிறகு தங்கம் ஏதோ சொல்ல எமிலி சிரித்தாள். இவ்வளவு நடந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவனைக் குத்தத்தான் செய்தது.

திரும்பும்போது பெண்கள் இருவரும் தோணியின் ஒரு தலைப்பில், அவன் மற்றத் தலைப்பில். துறையில் தங்கம், "வாறன் அண்ணன்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். மன்னித்தாளா இல்லையா என்று அந்தச் சொல்லில் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் எமிலி வாய் திறந்தாள்.

"நீங்க வராதங்க எண்டு சொன்னது அவளுக்காக இல்ல. எனக்காக. உங்களோட கதைக்கிறது ஒண்டு, அவளோட கதைக்கிறது வேற. வருஷத்தில ஒரு நாள் கேட்டன்."

"எனக்கிட்ட என்ன கதைக்க ஏலாது?"

"பாத்தீங்களா," என்றுவிட்டு எமிலி உள்ளே போய்விட்டாள். புதுச்சட்டி மூன்றையும் தேங்காய்த்தும்பால் தேய்த்து, தனியாக மேலே பரணில் கவிழ்த்து வைத்தாள். நாலு நாள் அவனோடு வேண்டிய பேச்சு மட்டும்தான்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு காலையில் தங்கத்தின் கடிதம் வந்தது. தபால்காரரிடம் அதை வாங்கியவன் பேர்னாட். கனமான கடிதம். பசை ஒரு ஓரத்தில் ஈரத்துக்கு விட்டிருந்தது. விரலை விட்டால் திறந்துவிடும். விறாந்தையில் கொஞ்ச நேரம் அதோடு நின்றான். தன்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்று அறியவேண்டும்போல இருந்தது. பிறகு உள்ளே போய் எமிலியின் தையல் மிசின்மேல் வைத்தான்.

எமிலி நின்றபடியே வாசித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள். ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்தாள்.

"தங்கத்துட அப்பாக்குக் கட்டு அவிழ்த்திட்டாங்களாம். பார்வை வந்திட்டாம். வயல் வட்டையில நிக்கிற கொக்கை எண்ணிச் சொல்றாராம்."

பேர்னாட் சுவரில் சாய்ந்தான். "கடவுளே," என்றான் மெதுவாக. பிறகு, "வேற?" என்று கேட்டான்.

"மற்றதெல்லாம் எனக்கு எழுதினது," என்று எமிலி கடிதத்தை மடித்தாள்.

அவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. மழை கொஞ்சம் விட்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு, என்ன மீன் வாங்க என்று வாசலில் நின்று கேட்டான்.

"நல்ல மீனா ரெண்டு," என்றாள் எமிலி, சேலைகளுக்கடியில் கையை விட்டபடி.